மடத்துமேட்டு மணிக்கோபுரம் சூளைப் புகைபோக்கியாக்கப்பட்டது குறித்து

அனுப்புநர்

அ. காஸ்பர், வயது 23,
த/பெ. காலஞ்சென்ற அமிர்தசாமி,
கோபுரத்தடி வரிசை, மடத்துமேடு,
விருத்தாசலம் வட்டம், தென் ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்

மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தென் ஆற்காடு மாவட்டம்,
கடலூர்.

பொருள்: மடத்துமேட்டில் உள்ள பழைய துறவியர் மடத்தின் மணிக்கோபுரத்தைப் பீங்கான் சூளையின் புகைபோக்கியாகப் பயன்படுத்துவதால் கோபுரம் விரிசல் விட்டிருப்பது, அதன் அடியில் குடியிருக்கும் பதினேழு குடும்பங்களின் உயிருக்கு ஆபத்து, அடுத்த சூளையேற்றத்தை, அதாவது சூளை பற்றவைப்பதை, தடை செய்யவும், முன்னறிவிப்பின்றி நேரில் ஆய்வு செய்யவும் கோருவது.

மதிப்பிற்குரிய அய்யா,

1. இந்த மனு மதத்தைப் பற்றியது அல்ல. முதல் வரியிலேயே இதைச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. சென்ற மார்ச் மாதம் இதே விஷயமாக ஓர் அலுவலகத்துக்கு மனு கொடுத்தேன். அதில் மடத்துக் கோயிலைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள், இது சமய சம்பந்தமான கோரிக்கை என்றும், உரிய சமயத் தலைவரை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளும்படியும் குறிப்பு எழுதித் திருப்பியனுப்பினார்கள். செங்கல்லுக்குச் சமயம் கிடையாது. கீழே படுத்திருப்பவன் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறவன் என்று விசாரித்துவிட்டு அது விழப்போவதில்லை. ஆகவே இதைக் கட்டடத்தைப் பற்றிய மனுவாகவும், உயிரைப் பற்றிய மனுவாகவும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. மடத்துமேடு, விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் பாதையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். பஸ்ஸில் 'மடம்' என்று சொன்னால் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். கிறிஸ்தவத் துறவிகளுக்காகக் கட்டிய அந்த மடத்தில் இன்று துறவி என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் கட்டடம் நிற்கிறது. அதைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுவில் சதுரமான முற்றம். முற்றத்தைச் சுற்றி வளைவுகளைத் தாங்கிய தூண் நடை. தெற்கே சாப்பாட்டுக் கூடம். கிழக்கே மாடியில் நாங்கள் சாமிகள் என்று சொல்லும் அந்தத் துறவிகளின் அறைகள். ஒவ்வோர் அறையும் ஒரு கட்டிலும் ஒரு ஆளும் கொள்ளும் அளவு. வழிபாட்டு நேரம் போக மற்ற நேரத்தில் பேசுவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அதனால் ஒருவர் வாசலில் நின்று பார்த்தால் இன்னொருவர் வாசல் தெரியாதபடி கதவுகளைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். வடக்கே நீண்ட கோயில். கோயிலின் மேற்குக் கோடியில் நான்கு அடுக்கு மணிக்கோபுரம். அஸ்திவாரம் இந்தப் பக்கத்துச் செம்பூராங்கல். அதற்கு மேல் முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சிமெண்டு ஒரு கைப்பிடி கூடக் கிடையாது.

3. கோபுரம் உள்ளே வெறும் கூடு. மேலே ஏற மரப்படி இருந்தது. ஒவ்வோர் அடுக்கிலும் தேக்கு உத்திரங்கள் குறுக்கே போய் எதிரெதிர்ச் சுவர்களுக்குள் புகுந்து அவற்றைக் கவ்விப் பிடித்திருந்தன. கோபுரம் அத்தனை காலம் நேராக நின்றதற்கு அந்த உத்திரங்களே காரணம் என்பதைப் பின்னால் சொல்லப்போகும் செய்திக்காக இங்கே குறிப்பிடுகிறேன்.

4. இதைக் கட்டியது யார் என்பதும் சொல்லப்பட வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த சாமிகள் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். சாமிகள் படம் போட்டார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வந்த சனம் குளத்து மண்ணை வெட்டி, கல் அறுத்து, சுட்டு, தலையில் சுமந்து மேலே ஏற்றியது. அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் இன்று கோபுரத்தடி வரிசையில் இருக்கிறோம். நாங்கள் பறையர்கள். கிறிஸ்தவர்களும்தான். இரண்டில் முதலாவதையே மடமும் பார்த்தது, இன்று மடத்தில் சூளை நடத்தும் முதலாளியும் பார்க்கிறார்.

5. கட்டியவர்களுக்குக் கோயிலுக்குள் இடம் இல்லை. இது கர்ணபரம்பரைக் கதை அல்ல, சுவரிலேயே இருக்கிறது. கோபுரத்தை ஒட்டிக் கோயிலின் வெளிச் சுவரோடு சேர்த்து ஒரு தாழ்வான கொட்டகை கட்டினார்கள். அதிலிருந்து கோயிலுக்குள் சாய்வாக ஒரு துவாரம் வைத்தார்கள். உள்ளே பீடம் நோக்கி அகன்றும் வெளியே குறுகியும் இருக்கும் அந்தத் துவாரத்தின் வழியாக, ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, எங்கள் ஆட்கள் பூசை பார்த்தார்கள். நன்மை என்னும் நற்கருணை அப்பம் கொடுப்பதும் அதன் வழியாகத்தான். சுவரின் கனம் இரண்டு முழம். அவ்வளவு கனத்துக்குள் பீடம் மட்டும் தெரியும்படி, உள்ளே உட்கார்ந்திருக்கும் மற்ற சாதிக்காரர்கள் ஒருவர் கூடத் தெரியாதபடி, கணக்குப் பண்ணிச் சாய்த்திருக்கிறார்கள். அந்தச் சாய்வைக் கண்டுபிடித்தவருக்கு நல்ல கணிதம் தெரிந்திருக்க வேண்டும். இதையும் கட்டடக் கலை என்றே சொல்ல வேண்டும்.

6. எங்கள் வரிசை கோபுரத்தடியில் இருப்பது நாங்களாக வந்து குந்திக்கொண்டதால் அல்ல. மணி அடிக்க, முற்றம் பெருக்க, கிணற்றில் நீர் இறைக்க, கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில் ஆட்கள் வேண்டும் என்பதற்காக மடமே அங்கே குடிவைத்தது. முதல் உலக யுத்தத்துக்கு முன்பே சாமிகள் போய்விட்டார்கள். போகும்போது சிலைகளையும் புத்தகங்களையும் வண்டியேற்றிக்கொண்டு போனார்கள். எங்களை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. அதன்பின் மடம் கைமாறியது. அடுத்த யுத்தத்தில் நெல் கிடங்கு, பிறகு கொஞ்ச காலம் பூட்டிக் கிடப்பு. வெளிக் கொட்டகை வீடாயிற்று. இன்று அதில் இஞ்ஞாசியம்மாள் என்ற விதவையும் அவருடைய மகளும் குடியிருக்கிறார்கள்.

7. ஐந்தாண்டுகளுக்கு முன் தங்கதுரை என்பவர் மடத்தைக் குத்தகைக்கு எடுத்தார். விருத்தாசலத்தைச் சுற்றிப் பீங்கான் தொழில் பெருகிய சமயம் அது. ஜாடி, பொம்மை, மின்கம்பத்துக் குமிழ்கள் என்று பலரும் பலதும் செய்ய, இவர் சாக்கடைக் குழாய் செய்ய வந்தார். தொழில் வருவதை நான் எதிர்க்கவில்லை. எங்கள் வரிசையில் பாதிப்பேர் அங்கேதான் கூலிக்குப் போகிறார்கள். நானும் சென்ற ஆகஸ்டு வரை அங்கே சூளையில் குழாய் அடுக்கியவன். என்னை நிறுத்திவிட்டார்கள். வேலையைத் திரும்பக் கேட்பதற்காக இதை எழுதவில்லை என்பதையும், வேலை போன ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று அவர்கள் சொல்லப்போவதையும் இப்போதே பதிவு செய்கிறேன்.

8. அவர் சூளையைக் கோயிலுக்குள்ளேயே கட்டினார். உயரமான கூரையும் கனமான சுவரும் கிடைத்தன. புகைபோக்கி ஒன்றுதான் பாக்கி. புதிதாக ஒன்றைத் தரையிலிருந்து கட்டி எழுப்ப வேண்டும். தலையை நிமிர்த்திப் பார்த்தார், கோபுரம் நின்றது. சூளையிலிருந்து தரைக்கடியில் ஒரு கால்வாய் வெட்டிப் புகையைக் கோபுரத்துக்குள் விட்டார். மரப்படியை எடுத்தார். உத்திரங்கள் எரிந்துவிடும் என்று அவற்றையும் அறுத்து எடுத்தார். அந்தத் தேக்கு, ஊரில் அவர் கட்டிய வீட்டுக்குக் கதவும் நிலையுமாகப் போயிற்று. மணி மாட்டியிருந்த மேலடுக்கின் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார். உச்சியில் கூரையைப் பிரித்து வாய் திறந்துவிட்டார். உடம்பைப் பிடித்திருந்த நரம்பை உருவிவிட்டு வயிற்றுக்குள் நெருப்பை வைத்தது போல ஆயிற்று. இந்த வேலைக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தங்கள் அலுவலகம் கேட்டால் சொல்லுவார்கள்.

9. கோபுரத்திலிருந்து இறக்கிய மணி என்ன ஆயிற்று என்று தாங்கள் கேட்கக்கூடும். ஊரிலேயே அதை ஒருவர்தான் கேட்டார், பங்குச் சாமியார். மடத்துமேட்டில் சூளை வருகிறது, கோயிலுக்குள் நெருப்பு மூட்டப் போகிறார்கள் என்றதும் அவரும் நான்கு பெரிய வீட்டுக்காரர்களும் முதலாளியைப் பார்க்கப் போனார்கள். எங்களுக்கு நம்பிக்கை வந்தது. திரும்பி வரும்போது மாட்டு வண்டியில் மணியை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அது பங்குக் கோயிலில் தொங்குகிறது, நன்றாக ஒலிக்கிறது. அதன்பின் அவர்கள் யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. சூளையின் மேஸ்திரி சாமிதுரை எங்கள் பெண்களிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முன்ன மணிச் சத்தம் கேட்டு முட்டி போட்டீங்க. இப்ப பொகையப் பாத்துப் போடுங்க, சாமி ஒண்ணும் கோச்சுக்காது." சிரித்தவர்களில் எங்கள் வரிசை ஆட்களும் உண்டு. கூலி அங்கே.

10. சாக்கடைக் குழாய்க்குப் பளபளப்பு வருவது எப்படி என்று தாங்கள் அறிந்திருக்கலாம். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது கல்லுப்பை அள்ளி உள்ளே வீசுவார்கள். உப்பு ஆவியாகிக் குழாயின் மேல் கண்ணாடி போலப் படியும். மிச்சம் வெள்ளைப் புகையாக வெளியேறும். அந்தப் புகை தொண்டையைச் சுரண்டும், துணி காயப்போட்டால் நூல் இற்றுப்போகும். சுண்ணாம்பையும் அது தின்கிறது. கோபுரத்தின் உள்பக்கச் சாந்து மாவாக உதிர்ந்து கால்வாயில் சேருகிறது. ஒவ்வொரு தடவையும் அதை வாரிக் கொட்டியவர்களில் நானும் ஒருவன். சூளை பற்றவைத்த முதல் நாளில் புகை மேலே இழுக்காமல் கோயிலுக்குள்ளேயே சுழலும். அப்போது பழைய துவாரத்தின் வழியாக இஞ்ஞாசியம்மாளின் வீட்டுக்குள் வரும். அதை அடைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். சூளைக்குக் காற்று வேண்டும், கை வைக்கக் கூடாது என்றார்கள். முன்பு அந்த வழியாகப் பீடத்தைப் பார்க்க எட்டிக் குனிந்த குடும்பத்தில் இன்று மகள் முக்காட்டை மூக்கில் சுற்றிக்கொண்டு சோறு பொங்குகிறாள். மருத்துவரிடம் போனால் ஊதுபத்திப் புகை கூட ஆகாது என்கிறார்.

11. விரிசல் முதலில் தெற்கு முகத்தில் வந்தது, இரண்டாம் அடுக்கில். பிறகு மேற்கு முகத்தில், எங்கள் வாசல்களுக்கு நேர் மேலே. ஒவ்வொரு சூளையேற்றத்துக்கும் நீண்டது. இன்று மேற்கு முகத்து விரிசலுக்குள் என் கை மணிக்கட்டு வரை போகும். இதைச் சொல்ல எந்தப் படிப்பும் தேவையில்லை. இரவில் சூளை எரியும்போது அதன் வழியாக உள்ளே சிவப்பு தெரிகிறது.

12. இது ஆபத்து என்று முதலாளிக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். குழாய் ஏற்ற வரும் லாரி, நிழலுக்காகக் கோபுரத்தின் மேற்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதன் சொந்தக்காரர் மங்கலம்பேட்டை ஜாபர் அலி. சென்ற ஜூன் மாதம் அவர் இறங்கி மேலே பார்த்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி முதலாளியிடம் சொன்னார்: "இங்க வண்டிய நிறுத்த மாட்டேன் மொதலாளி. மேல ஒரு வரிசைக் கல்லு தனியா ஆடுது. என் வண்டி போனா எவன் குடுப்பான்?"  மறுநாளே முதலாளி முற்றத்துப் பக்கச் சுவரை இடித்து வழி செய்து லாரிக்கு மாற்று இடம் கொடுத்தார். லாரி நின்ற இடத்துக்கும் எங்கள் அடுப்புகளுக்கும் நடுவில் ஒரு வேலி இருக்கிறது. லாரியை நகர்த்த வேண்டும் என்று தெரிந்த மனிதருக்கு, வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. ஜாபர் அலியின் மீது எனக்குக் குறையில்லை. அவர் வாய் திறந்தார், கேட்டார்கள். அவரிடம் லாரி இருந்தது.

13. என் மார்ச் மாத மனு திருப்பப்பட்ட பிறகு, இரண்டாவதாக ஒன்றை வேறு அலுவலகத்துக்கு அனுப்பினேன். அதற்குப் பலன் இருந்தது. ஆகஸ்டில் ஒரு பொறியாளர் வந்து பார்வையிடுவார் என்று தகவல் வந்தது. இனி நான் எழுதப்போவது எனக்கு மிகவும் சங்கடமான செய்தி. ஆனால் இது இல்லாமல் இந்த மனு விளங்காது.

எங்கள் வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. மடம் இருந்த காலத்தில் மேற்றிராணியாராகிய பிஷப் வருகிறார் என்றால் கோபுரத்துக்கு வெள்ளையடிப்பது எங்கள் ஆட்களின் ஊழியம். உள்ளே கால் வைக்க முடியாத கட்டடத்தில் அவர்கள் கை வைக்கக் கூடியது அது ஒன்றுதான். சாமிகள் போன பிறகும் அதை விடவில்லை. கிறிஸ்துமஸ் வந்தால், அல்லது பெரிய மனிதர் யாராவது வந்தால், கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து, ஏணி கட்டி, எட்டும் உயரம் வரை அடித்துவிடுவார்கள். சும்மா அடிக்கவும் மாட்டார்கள். வெடிப்பு இருந்தால் முதலில் தேங்காய் நாரையும் பழந்துணியையும் சுண்ணாம்பில் தோய்த்து உள்ளே திணித்து, மேலே பூசி, கையால் நீவி, அதன்பிறகுதான் வெள்ளை. பார்ப்பதற்கு மெழுகியது போல இருக்கும்.

பொறியாளர் வருகிறார் என்று தெரிந்ததும் முதலாளியே நான்கு மூட்டைச் சுண்ணாம்பை எங்கள் வரிசைக்கு அனுப்பினார். ஆபீசர் வரும்போது நம்ம மடம் பளிச்சென்று இருக்க வேண்டாமா என்று சொல்லியனுப்பினார். அந்த ஐந்து வருஷத்தில் எங்களிடம் அவர் 'நம்ம' என்று சொன்னது அந்த ஒரு தடவை. எங்கள் சனம் பூரித்துப் போயிற்று. நான் அன்று பகல் முழுக்கச் சூளைக்குள் குழாய் அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது கோபுரம் இரண்டாம் அடுக்குக்கு மேல் வரை பாலாக நின்றது. மூங்கிலை இரட்டையாகக் கட்டி வழக்கத்தை விட உயரம் போயிருந்தார்கள். விரிசல் இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. நான் சத்தம் போட்டேன். என் தாயார் அன்னாள், கையெல்லாம் சுண்ணாம்பு வெந்து தோல் உரிந்த நிலையில், சொன்னார்: "எவ்ளோ பெரிய மனுஷரு நம்ம பேச்ச மதிச்சு வராரு. அவரு கண்ணுக்கு அசிங்கமாவா காட்டுவ?"

பொறியாளர் வந்தார். மாலை போட்டார்கள், கலர் உடைத்துக் கொடுத்தார்கள். கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் சுண்ணாம்புக்குக் கீழே விரிசல் இருக்கிறது, சுரண்டிப் பாருங்கள் என்றேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ரொம்பச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று வரிசைப் பெண்களைப் பாராட்டினார். அவர்கள் அதை இன்று வரை சொல்லிச் சந்தோஷப்படுகிறார்கள். 'கோபுரம் நல்ல பராமரிப்பில் உள்ளது, வெடிப்பு ஏதும் காணப்படவில்லை' என்பது அவருடைய அறிக்கை. மறுநாள் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

எங்களை அழிக்கப்போகும் விரிசலை எங்கள் கையாலேயே பூசி மறைத்தோம் அய்யா. யார் முன்னால் எதை மறைக்க வேண்டும் என்று எங்களுக்கு நூறு வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எதைக் காட்ட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

14. பொறியாளர் பாராட்டிவிட்டுப் போன பிறகு நடந்த முதல் சூளையேற்றத்தில், செப்டம்பர் மாதம், உப்பு வீசிய அன்று, விரிசலில் திணித்திருந்த நாரும் பூச்சும் உதிர்ந்து அது மறுபடி வாய் திறந்தது, மேலடுக்கின் விளிம்புச் செங்கல் கட்டும் பெயர்ந்து விழுந்தது. எங்கள் வீட்டுச் சமையல் தட்டி அதன் கீழ் நசுங்கியது. என் தாயார் குழம்பைக் கொதிக்கவிட்டு உப்பு வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்ததால் இன்று உயிரோடு இருக்கிறார். பல ஆட்கள் சேர்ந்து பிடித்துத் தூக்க வேண்டியிருந்த கட்டு அது. புகார் கொடுத்தோம். கோபுரத்தில் வெடிப்பு இல்லை என்று அறிக்கை இருப்பதால், குரங்குகள் தள்ளிவிட்டிருக்கலாம் என்று விசாரித்தவர் எழுதிக்கொண்டார். மடத்துமேட்டில் குரங்கு கிடையாது. ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் உண்டு. அங்கிருந்து ஒரு குரங்கு பஸ் ஏறி வந்து எங்கள் குழம்பின் மேல் கல்லைத் தள்ளியது என்று அரசு ஆவணத்தில் இருக்கிறது.

15. அதன் பிறகு முதலாளி வேறு வழி பிடித்தார். கோபுரத்தடியில் இருப்பது ஆக்கிரமிப்பு என்றும், காலி செய்யாவிட்டால் அப்புறப்படுத்தப்படுவோம் என்றும் வக்கீல் மூலம் நோட்டீசு வந்திருக்கிறது. கோபுரம் ஆபத்து என்று நாங்கள் சொன்னால் ஆபத்து இல்லை. நாங்கள் காலி செய்ய வேண்டும் என்றால் மட்டும் அதே நோட்டீசில் 'பழைமையான கட்டடத்தின் அருகில் வசிப்பது பாதுகாப்பற்றது' என்று ஒரு வரி வருகிறது. ஒரே கோபுரம் ஒரே வாரத்தில் உறுதியாகவும் ஆபத்தாகவும் இருக்க முடிந்தால், அது முதலாளியின் வசதிப்படி நிற்கிறது என்று அர்த்தம். இடம் மாறவே மாட்டோம் என்று நாங்கள் அடம் பிடிக்கவில்லை. மாற்று மனை கொடுத்தால் நாளைக்கே மூட்டை கட்டுவோம். கோபுரத்தின் மேல் எனக்குப் பாசம் கிடையாது. என் முன்னோர் சுமந்தார்கள், குனிந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆனால் போக இடம் காட்டாமல், நெருப்பையும் அணைக்காமல், போ என்பதற்குக் கொல்வது என்று பெயர்.

16. இப்போதைய நிலை. ஐப்பசி, கார்த்திகை மழையால் சூளை நின்றிருக்கிறது. கோபுரம் ஒரு மாதமாக மழையில் ஊறிக் கனத்திருக்கிறது. உச்சி வாய் திறந்திருப்பதால் உள்ளேயும் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கோயிலுக்குள் குழாய்களை அடுக்கி முடித்துவிட்டார்கள். டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் பற்றவைக்கப் போவதாகச் சாமிதுரை ஆள் கூப்பிட்டுவிட்டார். ஊறிய சுவரில் உள்ளிருந்து சூடு ஏறினால் என்ன ஆகும் என்பதை, பச்சைப் பானையை அவசரப்பட்டுச் சூளையில் வைத்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

17. இஞ்ஞாசியம்மாளைத் தவிர இந்த மனுவில் எங்கள் வரிசையில் யாரும் கையொப்பமிடவில்லை. சிலருக்குக் கூலி போய்விடும் என்ற பயம். சிலர், ஒரு தடவை அவ்வளவு பெரிய அதிகாரி வந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன பின் மறுபடி எழுதுவது மரியாதை அல்ல என்கிறார்கள். அவர்களைத் தாங்கள் கேட்டால் ஒரு குறையும் இல்லை என்றே சொல்லுவார்கள். தயவுசெய்து அவர்களைக் கேட்காதீர்கள். சுவரைப் பாருங்கள்.

மேற்கண்ட காரணங்களால் தங்களை நான் வேண்டுவது:

முதலாவதாக, சூளையைப் பற்றவைக்கக் கூடாது என்று டிசம்பர் பத்தாம் தேதிக்கு முன்பாகவே தடை உத்தரவு பிறப்பிக்க வேண்டும். கோபுரத்தை விட்டு விலகித் தனியாகப் புகைபோக்கி கட்டிக்கொண்டு அவர் தொழில் நடத்தட்டும். அதில் நாங்களே கூலிக்கு நிற்போம்.

அடுத்து, எங்கள் வரிசையை ஆக்கிரமிப்பு என்று முடிவு கட்டும் முன், மடம் எங்களை எதற்காக அங்கே வைத்தது என்பதை விசாரிக்க வேண்டும். கோபுரம் பிரிக்கப்பட வேண்டிய நிலையில் இருந்தால் பிரிக்கட்டும். அதற்கு முன் மாற்று மனை வழங்க வேண்டும்.

இந்த மனுவை வழக்கம் போல 'அறிக்கைக்காக' முதலாளிக்கோ, சென்ற தடவை வந்த பொறியாளருக்கோ, பங்குச் சாமியாருக்கோ அனுப்பக் கூடாது. அனுப்பினால் அது என் வீட்டுக்கு வந்து சேர ஒரு நாள் போதும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, தாங்களோ தங்கள் பிரதிநிதியோ நேரில் வர வேண்டும். வரும் நாளை யாருக்கும் தெரிவிக்கக் கூடாது. எனக்கும் தெரிவிக்கக் கூடாது. ஜீப்பைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கிறிஸ்துமஸ் வெள்ளையடிப்பு டிசம்பர் பதினைந்தில் தொடங்கும். கிளிஞ்சல் ஏற்கெனவே வந்து இறங்கியிருக்கிறது. இந்த வருஷம் மட்டும் வேண்டாம் என்று நான் காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கலெக்டர் வருகிறார் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அவர்கள் அன்றைக்கே ஏணி கட்டுவார்கள். முதல் குடத்தைக் கரைப்பது என் தாயாராகத்தான் இருக்கும். அவரைத் தடுக்க என்னால் முடியாது. தாங்கள் சொல்லாமல் வந்தால் முடியும்.

நாள்: 30-11-1973
இடம்: மடத்துமேடு

கோபுரத்தடியிலிருந்து,
அ. காஸ்பர்

இஞ்ஞாசியம்மாள், வெளிக் கொட்டகை
(இடது கைப் பெருவிரல் ரேகை)